கிதாபின் தலை ஏடு



புதுக் கணக்குப் புத்தகம் திறக்கும் அன்று நம்மில் பலர் முதல் ஏட்டின் தலையில் 786 என்று எழுதிவிட்டுத்தான் பற்று வரவு எழுதத் தொடங்குகிறோம். (அவ்விதம் எண்ணால் எழுதலாமா, கூடாதா என்ற வழக்கை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறேன்.) தலைப்பில் எந்த ஆசாமியின் பெயரை எழுதுகிறோமோ, கீழே வரும் வரிகளெல்லாம் அவர் பேரிலேயே சேரும் என்பது வியாபாரிக்குத் தெரிந்த சங்கதி. குர்ஆன் ஷரீபுக்கு அடுத்தபடியாக சுன்னத் வல் ஜமாஅத்தார் மதித்துப் போற்றும் ஒரு கிதாபின் தலை ஏட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை இம்மாதம் தங்கள் முன் வைக்க நாடுகிறேன். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கல்லாவில் அமர்ந்தவன். ஆகவே கல்லாவில் இருப்பவன் கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொல்லுகிறேன்.

அந்தக் கிதாபு ஸஹீஹுல் புகாரீ. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரீ 194-ல் (கி.பி. 810) புகாராவில் பிறந்து, 256-ல் (கி.பி. 870) சமர்க்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் என்னும் சிற்றூரில் மறைந்தார்கள். பதினாறு ஆண்டுகள் உழைத்து இந்த நூலைத் தொகுத்ததாக வரலாறு. அத்தனை ஆண்டு உழைத்தவர் தம் உழைப்பைப் பற்றி நான்கு வரியாவது முன்னுரை எழுதியிருக்கலாம் அல்லவா? எழுதவில்லை. பிஸ்மில்லாஹ்வுக்குப் பின், வஹீ எவ்வாறு தொடங்கிற்று என்ற தலைப்பு. உடனே நிய்யத்தைப் பற்றிய ஹதீது. அவ்வளவுதான்.

தலைப்போ வஹீ, ஹதீதோ நிய்யத். இரண்டுக்கும் என்ன பொருத்தம் என்று விரிவுரையாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என் மனத்துக்குப் பிடித்தது, இந்த ஹதீதே அந்த நூலுக்கு முன்னுரை என்று சிலர் கூறியிருக்கும் விளக்கம். எழுதத் தொடங்கும் இமாமும் சரி, ஓதத் தொடங்கும் மாணவனும் சரி, எதற்காக இந்த வேலையில் இறங்குகிறோம் என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து.

ஹதீதின் கருத்தைச் சுருக்கிச் சொல்லுகிறேன். ஒரு செயலின் மதிப்பு, செய்பவன் உள்ளத்தில் வைத்த நாட்டத்தைப் பொறுத்தது. எவன் எதை நாடினானோ அதுதான் அவன் கணக்கில் ஏறும். உலக லாபத்தையோ மணக்க விரும்பிய பெண்ணையோ நாடி ஹிஜ்ரத் செய்தவனுக்கு, அவன் எதை நாடிப் போனானோ அதற்கான ஹிஜ்ரத்தாகவே அது எழுதப்படும். நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட இதனை, மிம்பரில் நின்று அறிவித்தவர்கள் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள். உமர் (ரலி) யார்? கடைவீதி அறிந்தவர்கள். நாயகத்தின் சொல் ஒன்று தமக்குத் தெரியாமற்போன போது, கடைவீதிக் கொடுக்கல் வாங்கல் தம்மைப் பராக்காக்கிவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னவர்கள். அச்செய்தியும் இதே கிதாபில், வியாபாரப் பாடத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த ஹதீதின் முழு வடிவில் இரண்டு பாதி இருக்கின்றன. அல்லாஹ்வுக்காகவும் ரஸூலுக்காகவும் ஹிஜ்ரத் செய்தவனைப் பற்றியது ஒரு பாதி. உலகத்துக்காகப் போனவனைப் பற்றியது மறு பாதி. இமாமவர்கள் முழு வடிவத்தைப் பின்னால், ஈமானைப் பற்றிய பாடத்தின் கடைசியில் தருகிறார்கள். ஆனால் முதல் ஏட்டில் முதற் பாதியைக் காணோம். நூலின் வாசலிலேயே அதை எழுதினால், தம்முடைய நிய்யத் தூய்மையானது என்று தாமே சொல்லிக்கொள்வது போலாகும் என்று அஞ்சி விட்டுவிட்டார்கள் போலும் என்று விளக்கம் கூறுகிறார்கள்.

காரணம் எதுவாயினும், அந்த வாசலில் நம்மை எதிர்கொள்பவன் உலகத்தை நாடி ஊரைவிட்டுப் புறப்பட்டவன். அதாவது நம்மைப் போன்றவன். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியது எதற்காக? ஊரில் மழை இல்லை, கடன் இருந்தது, தங்கைகளுக்குக் கலியாணம் செய்ய வேண்டும். இவை குற்றமா? அல்ல. ஹலாலான பிழைப்பைத் தேடிப் போவது பாவம் என்று இந்த ஹதீது சொல்லவில்லை. போனவன் நாடியதைப் பெற்றுக்கொண்டான், கணக்கு நேராகிவிட்டது, மேற்கொண்டு கேட்க அவனுக்குப் பாக்கி இல்லை என்பதே கருத்து. பிள்ளை குட்டிகளுக்கு ஹலாலான உணவைக் கொடுப்பது என் மீது கடமை, அதை நிறைவேற்றப் போகிறேன் என்று நினைத்து அதே கப்பலில் ஏறியவனுக்கோ கணக்கு வேறு. கப்பல் ஒன்று, கூலி ஒன்று, கடல் மயக்கமும் ஒன்று.

உம்மு கைஸ் என்னும் பெண்ணை மணப்பதற்காக மதீனாவுக்கு வந்த ஒருவரை முன்னிட்டே நாயகம் (ஸல்) இதைச் சொன்னார்கள் என்று பயான்களில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒருவர் இருந்த செய்தி உண்டு. ஆனால் அவரை முன்னிட்டுத்தான் இந்த ஹதீது கூறப்பட்டது என்பதற்கு ஆதாரம் காணவில்லை என்று புகாரீக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் எழுதிவிட்டார்கள். நமக்கும் அந்த மனிதரைத் தேட வேண்டிய வேலை இல்லை.

முதல் ஏட்டில் நிய்யத்தை வைத்த இமாம் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். அவர்களுடைய தகப்பனார் இஸ்மாயீல் ஒரு வியாபாரி. தம் பொருளில் ஹராமானதோ சந்தேகமானதோ ஒரு திர்ஹம் இருப்பதாகவும் தாம் அறியவில்லை என்று மரணத் தறுவாயில் சொன்னவர். மகனாருக்கும் கொஞ்சம் வியாபாரம் இருந்தது. ஒரு சமயம் அவர்களுக்குச் சரக்கு வந்து இறங்கிற்று. மாலையில் சில வியாபாரிகள் வந்து ஐயாயிரம் திர்ஹம் லாபம் தருவதாகக் கேட்டார்கள். இன்றிரவு போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் வேறு சிலர் வந்து பதினாயிரம் லாபத்துக்குக் கேட்டார்கள். இமாம் கொடுக்கவில்லை. முந்தின நாள் வந்தவர்களுக்கே கொடுப்பதென்று இரவிலேயே நிய்யத் செய்துவிட்டேன், அதை முறிக்க விரும்பவில்லை என்று சொல்லி, ஐயாயிரத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

இதில் முன்பணம் வாங்கவில்லை, கை கொடுக்கவில்லை, வாயால் சரி என்றும் சொல்லவில்லை. சட்டம் அவர்களைக் கட்டாது. அந்த நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நம் கடைகளிலோ வாயால் சொன்ன விலையையே, சீட்டு எழுதவில்லை என்று சொல்லி மாற்றிவிடுகிறோம். பிறகு யாராவது கேட்டால், “என் நிய்யத் நல்லதுதான்” என்று பதில் வருகிறது! நிய்யத் என்பது காரியம் முடிந்தபின் போடும் சமாதானமல்ல. தராசில் கல்லை மாற்றி வைத்துவிட்டு, வரும் லாபத்தில் பள்ளிவாசலுக்குப் பாய் வாங்கித் தரப்போகிறேன் என்று நாடினால், கல் சரியாகிவிடுமா?

நிய்யத் முன்னால் நிற்க வேண்டிய ஒன்று என்பதை நமது ஜகாத் சட்டத்தைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. ஷாஃபிஈ மத்ஹபின்படி, விற்பதற்கென்று நிய்யத் வைத்து விலைக்கு வாங்கியதே வியாபாரச் சரக்கு. ஒரே நாளில் ஒரே விலைக்குப் பத்து மூட்டை அரிசி வாங்குகிறோம். ஒன்பது கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. மூட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆண்டு முடிவில் கடைச் சரக்கை விலை மதித்து, நிஸாபு எட்டினால் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். வீட்டு மூட்டைக்கு ஒன்றுமில்லை. வாரிசாக வந்த வீட்டைப் பிறகு விற்கலாம் என்று நினைத்த மாத்திரத்தில் அதுவும் சரக்காகிவிடாது.

கொடுப்பதிலும் இப்படியே. ஆண்டு முழுவதும் கடை வாசலில் வந்து நின்றவர்களுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு, ரமலானில் அத்தனையையும் கூட்டி ஜகாத்தில் கழிக்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். கொடுத்தபோது ஜகாத் என்ற நிய்யத் இல்லையே! அது ஸதகாவாக நிற்கும், நன்மை உண்டு, ஜகாத் கடமையோ அப்படியே பாக்கி. வசூலாகாத கடனை, “உனக்குத் தள்ளிவிட்டேன், இது என் ஜகாத்” என்று எழுதிவிடுவதும் நம் மத்ஹபின் பலமான சொல்லின்படி கூடாது. கடனைக் கையில் வாங்கி, அவர் ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழையாயின் நிய்யத்தோடு அவருக்கே கொடுக்கலாம். ஆனால் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. ஹனஃபீ மத்ஹபினர் தங்கள் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்க.

கடை நெருக்கடியில் ஒவ்வொரு முறையும் நிய்யத்தை நினைவில் வைப்பது எப்படி என்று கேட்கலாம். அதற்கு வழி இருக்கிறது. சரக்குக் கணக்கெடுத்து முடித்த அன்றே ஜகாத் தொகையைத் தனியே எடுத்து, நிய்யத் செய்து, ஓர் உறையில் போட்டு, மேலே பெயரெழுதிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அப்படிப் பிரித்து வைக்கும்போது செய்த நிய்யத்தே போதும்; பிறகு கடைப் பையன் கையால் கொடுத்தனுப்பினாலும் கூடும். உறையிலிருந்து சில்லறை மாற்றுவதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்; கணக்குக் குழம்பும்.