மகளுக்குப் பட்டம்

பூம்புகாரில் என் அக்கா வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு ஐரோப்பிய ராஜவம்சங்களின் சரித்திரத்தைப் படித்துத் தீர்த்தேன். கல்லூரியில் பரீட்சைக்காக உருப்போட்டு மறந்த ஜார்ஜுகளும் லூயிகளும் கடற்காற்றோடு திரும்ப வந்தார்கள். ராஜாக்களில் சுவாரசியம் இல்லை. அவர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதில்தான் இருந்தது: யாருடைய பிள்ளை யார், யாருக்கு முந்திய பாத்தியம்? நம் ஊர்ப் பங்காளிச் சண்டையேதான். வரப்புக்குப் பதில் ராஜ்யம்.

1837-ல் விக்டோரியா இங்கிலாந்தின் ராணியானாள். அதுவரை அதே அரசரின் கீழிருந்த ஹானோவர், ஆண்வழிக்கே முதலிடம் என்ற தன் விதிப்படி அவளுடைய சிற்றப்பாவுக்குப் போயிற்று. ஒரே பெண், ஒரே ரத்தம். ஒரு கரையில் மகாராணி, மறு கரையில் ஒன்றுமில்லை. தர்மம் இப்படிக் கடலைத் தாண்டினால் மாறுமா என்று சிரித்தேன்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. எங்கள் தஞ்சாவூரில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. 1787-ல் துளஜா ராஜா சுவீகாரம் எடுத்த சரபோஜியின் உரிமை செல்லாது என்று பண்டிதர்கள் கும்பினிக்குச் சாஸ்திரம் சொன்னார்கள், அமர்சிங் அமர்ந்தார். பிறகு அதே சாஸ்திரத்தைப் புரட்டி, செல்லும் என்றார்கள். 1798-ல் சரபோஜி அமர்ந்தார். மறு வருஷமே ஓர் ஒப்பந்தம். நாடு கும்பினிக்கு; கோட்டையும் மானியமும் ராஜாவுக்கு. சாஸ்திரம் யார் பக்கம் நின்றது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மகன் சிவாஜி 1855-ல் ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தார். மகள் இருந்தாள். அவளை வாரிசாக ஏற்காமல், பட்டமே அற்றுப்போயிற்று என்றது கும்பினி. லண்டன் சிம்மாசனத்தில் அப்போது வீற்றிருந்தவளும் ஒரு மகள்தானே! இந்த மண்ணுக்கும் அது புதிதல்ல. 1070-ல் சோழ சிம்மாசனம் ஏறிய முதலாம் குலோத்துங்கன், ராஜேந்திர சோழனின் மகள் வயிற்றுப் பேரன். தகப்பன் வேங்கிச் சாளுக்கியன். அவன் கை வலுவாக இருந்தது. யாரும் சாஸ்திரம் கேட்கவில்லை.

கும்பினி ராஜாவின் சொந்தச் சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்காடினார். சென்னையில் ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது: இது அரசாங்கச் செயல், நியாயமா அநியாயமா என்று விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. அநியாயம் நடக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, கவனியுங்கள். கேட்காதே என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் காபி கொண்டுவந்த அக்காவிடம் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நாக்கு குழறியது. அப்பா போன வருஷம், நிலத்தில் தனக்குப் பாத்தியம் இல்லை என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். மகளுக்குச் சமபங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பேனாவை நீட்டியவன் நான். மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்புறம் அந்த அம்மாவுக்கு ஒண்ணுமே கொடுக்கலியாடா?" என்று அக்கா கேட்டாள்.

"1862-ல நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. உரிமைன்னு இல்லே, தயவுன்னு சொல்லி."

அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டாள். "தயவுன்னா வாங்கிக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரேழியில், பொங்கலுக்கு நாங்கள் அனுப்பிய இரண்டு நெல் மூட்டைகள் இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோடு சாய்ந்திருந்தன.