பெயர் அழிந்தால் குடி அழியுமா?

மனிதன் மறைந்தபின் எஞ்சி நிற்பது பெயர் என்பர். அப்பெயரிலும் தன் சொந்தப் பெயரைக் காட்டிலும் குடியின் பெயரையே பெரிதென மதித்து, அது தன்னோடு அற்றுப் போகுமோ என்று அஞ்சி உறக்கம் இழப்போர் எந்நாட்டிலும் உளர். பெயர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று கோயில் குளம் சுற்றுவதும், மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்த வீட்டில் விளக்கேற்றவும் மனமின்றி உட்கார்ந்திருப்பதும் அவ்வச்சத்தின் விளைவேயாம். அந்த அச்சம் அறிவுக்குப் பொருந்துமா? ஒரு குடிப்பெயர் அருகிப் போவதால் உலகம் எதை இழக்கின்றது? அரிய பெயரைத் தாங்கியவன் ஏனையோரினும் உயர்ந்தவன் ஆவானோ? இவ்வினாக்களைப் பொதுப்படப் பேசாமல், ஒரு பெயரைக் கையிலெடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

அப்பெயர் அட்டன்பரோ என்னும் ஆங்கிலக் குடிப்பெயர். காந்தியடிகளின் வரலாற்றை 1982இல் படமாக்கி உலகமெங்கும் காட்டிய ரிச்சர்ட் அட்டன்பரோவையும், காட்டு விலங்குகளின் வாழ்க்கையைத் தொலைக்காட்சி வழியே நம் வீட்டுக்குள் கொண்டுவந்த அவர் தம்பி டேவிட் அட்டன்பரோவையும் நம்மவருட் பலர் அறிவர். அவர்கள் புகழ் பெரிது. ஆனால் அவர்கள் தாங்கிய குடிப்பெயரோ இங்கிலாந்திலேயே அருகிக் காணப்படுவது. அங்கே ஸ்மித் என்னும் பெயருடையோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அட்டன்பரோ என்று பெயர் கொண்டோரை அவர்களோடு ஒப்பிட்டால், நெற்களஞ்சியத்தின் முன் ஒரு பிடி நெல் போல்வர்.

இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது? பதினோராம் நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலப் பொதுமக்களுக்குக் குடிப்பெயர் என்பது இல்லை. 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின், முதலில் நிலவுடைமையாளரிடத்தும், பின்னர் மெல்ல மெல்லக் குடியானவரிடத்தும் அவ்வழக்கம் பரவிற்று. ஒருவன் செய்த தொழிலோ, அவன் தந்தையின் பெயரோ, அவனது தோற்றமோ, அவன் பிறந்த ஊரோ முதலில் அடையாளமாயிற்று. பின் அதுவே பிள்ளைக்கும் பிள்ளையின் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. ஸ்மித் என்பது கொல்லன் என்று பொருள்படும். இரும்படிக்கும் பட்டறை இல்லாத ஊர் ஏது? ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தமையால் ஊருக்கு ஊர் ஸ்மித் தோன்றினான். அட்டன்பரோ என்பதோ நோட்டிங்காம்சயரில் டிரென்ட் ஆற்றின் அருகே உள்ள ஒரு சிற்றூர். அப்பெயரின் ஈற்றிலுள்ள ‘பரோ’ என்பது அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. நம் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை என்பவற்றில் வரும் கோட்டையைப் போன்றது எனலாம். ஊர் ஒன்று, ஆகவே அதன் பெயரைத் தாங்கிய குடிகளும் மிகச் சில.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அட்டன்பரோ ஊருக்குள்ளேயே இருப்பவனை யாரும் அட்டன்பரோக்காரன் என்று அழையார். அங்குள்ளோர் அனைவரும் அவ்வூராரே ஆதலின் அப்பெயரால் ஒருவனைப் பிரித்துக் காட்ட இயலாது. பிழைப்புத் தேடியோ வேறு காரணம் பற்றியோ அவ்வூரை விட்டு வெளியேறி வேற்றூரில் சென்று தங்கியவனையே, புதிய அயலார், ‘அட்டன்பரோவிலிருந்து வந்தவன்’ என்று சுட்டியிருப்பர். எனவே ஊர்ப்பெயர் குடிப்பெயரானது, பெரும்பாலும் ஊரைப் பிரிந்தவனுக்கே. அரண்மனையில் தோன்றிய விருது அன்று அது. வழிப்போக்கனின் காலில் ஒட்டிய மண். கப்பலேறி வந்து காடழித்து இரப்பர் நட்ட மக்களின் வழிவந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. தஞ்சாவூராரும் சேலத்தாரும் அப்பெயர்களால் அழைக்கப்பட்டது தஞ்சாவூரிலும் சேலத்திலும் அன்று; கடல் கடந்த பின்னரேயாம்.

ஆகவே ஒரு பெயர் அரிதாயிருப்பது அக்குடியின் மேன்மையைக் காட்டுவதன்று. கொல்லர் பலர், ஓர் ஊரை விட்டு வந்தவர் சிலர். இவ்வளவே வேற்றுமை. ஸ்மித்துக்கு இதில் இழிவுமில்லை, அட்டன்பரோவுக்கு உயர்வுமில்லை.

“அரிய பெயர் தூய இரத்தத்துக்கேனும் சான்றாகாதோ?” என்று கேட்பாருளர். அதனையும் அறிவியலார் சோதித்துவிட்டனர். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் மரபுக்கூறு ஒன்று மனித உடலில் உண்டு. அதனை ஒய் குரோமோசோம் என்பர். ஆங்கிலக் குடிப்பெயரும் தந்தையிடமிருந்தே மகனுக்கு இறங்குவதால், இரண்டும் ஒன்றாகவே செல்கின்றனவா என்று லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் டூரி கிங், மார்க் ஜாப்லிங் ஆகிய இருவரும் ஆராய்ந்து 2009இல் முடிவு வெளியிட்டனர். நாற்பது குடிப்பெயர்களைத் தாங்கிய ஆடவர் 1,600க்கும் மேற்பட்டோரை அவர்கள் சோதித்தனர். ஸ்மித் என்ற பெயருடையோரிடையே, தெருவிற் செல்லும் எவரோ இருவரிடையே உள்ள ஒற்றுமைக்கு மேல் எதுவும் காணப்படவில்லை. அரிய பெயருடையோரிடையே ஒற்றுமை மிகுந்திருந்தது. அட்டன்பரோக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரே வகைக் குரோமோசோமைத் தாங்கியிருந்தனர்; பழங்காலத்து முன்னோன் ஒருவனின் வழியினர் அவர்கள் என்று கொள்ள இடமுண்டு.

“அப்படியாயின் எஞ்சியோர் யாவர்?” இவ்வினாவில்தான் நம் ஆராய்ச்சியின் உயிர் இருக்கின்றது. கணவனை இழந்தவள் மறுமணம் புரிந்தபோது புதிய தந்தையின் பெயரை ஏற்ற பிள்ளைகள் இருந்திருப்பர். பெற்றோரற்று வந்து, வளர்த்தவரின் பெயரைப் பெற்றோர் இருந்திருப்பர். தந்தை இன்னாரென்று ஊர் ஏற்காமையால் தாயின் பெயரையே தாங்கியோரும், மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்தோரும் இருந்திருப்பர். அறுநூறு எழுநூறு ஆண்டு நெடுவழியில் இத்தகையோர் பலர் வந்து சேர்ந்துள்ளனர். இவர்களைப் போலி அட்டன்பரோக்கள் என்று தள்ளிவிடலாமா? அப்பெயரைச் சொல்லி அழைத்தபோது இவர்களும் திரும்பிப் பார்த்தனர், அப்பெயராலேயே உழைத்தனர், அப்பெயராலேயே புதைக்கப்பட்டனர். இரத்தம் தராத உரிமையை அன்பும் வளர்ப்பும் தந்தன. ஏற்கப்பட்ட பிள்ளையைக் குறைப்பிள்ளை என்பது அறமாகாது.

இதற்கு அக்குடும்பமே நல்ல சான்று. ரிச்சர்ட், டேவிட் ஆகியோரின் தந்தை பிரெடெரிக் அட்டன்பரோ லெஸ்டரில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராய் இருந்தவர். 1939இல் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த யூதச் சிறுமியர் இருவரை அவரும் அவர் மனைவியும் தம் வீட்டில் ஏற்றனர். போர் முடியும் வரை மூன்று புதல்வரோடு அவ்விரு பெண்களும் அவ்வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்தனர். அவர்களுக்கு அட்டன்பரோ இரத்தம் இல்லை. அட்டன்பரோ பெயரும் இல்லை. எனினும் அக்குடிப்பெயருக்கு எது பெருமை? பத்தில் எட்டுப் பேரின் குரோமோசோம் ஒத்திருப்பதா, வேற்று நாட்டு வேற்று மதத்துக் குழந்தைகளுக்குக் கதவு திறந்ததா? நெஞ்சில் கை வைத்து விடை கூறுக.

இனி, பெயர் அற்றுப்போதல் பற்றிய அச்சத்தை நோக்குவோம். இவ்வச்சத்தைக் கணக்காக்கியவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கிலேயர். மேன்மக்களின் குடிப்பெயர்கள் மறைந்து வருதல் கண்டு, அதன் காரணத்தை அறிய விரும்பி, 1873இல் அவர் ஒரு கணக்கை ஏட்டில் வெளியிட்டார். வாட்சன் என்னும் பாதிரியார் விடை கூறினார்; அடுத்த ஆண்டு இருவரும் கூடி அதனை விரித்துரைத்தனர். எப்பெயரும் நாளடைவில் மறைந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டினார். ஆடவன் ஒருவனுக்குச் சராசரி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்மக்கள் இருப்பின், ஒரு பெயர் என்றும் நிலைக்கவும் கூடும் என்று பின்வந்தோர் திருத்தினர்.

அக்கணக்கை எளிய வகையில் நாமே போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குடிப்பெயர், ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டே பிள்ளைகள், ஆண் பிறப்பதற்கும் பெண் பிறப்பதற்கும் வாய்ப்புச் சமம் என்று கொள்வோம். பிள்ளைகள் அனைவரும் வளர்ந்து மணம் புரிகின்றனர். நான்கு வீட்டில் ஒரு வீட்டில் இரண்டும் பெண்ணாயிருக்கும். ஆதலின் முதல் தலைமுறையிலேயே 250 பெயர்கள் மறையும். இரண்டாம் தலைமுறையில் மறைந்தவை 391 ஆகும். மூன்றாவதில் 483 ஆகும். பாட்டன் காலத்து ஆயிரம் பெயர்களில் ஏறத்தாழப் பாதி, கொள்ளுப்பேரன் காலத்தில் இல்லை!

ஆனால் மக்கள்தொகை? ஓர் உயிரும் குறையவில்லை. முன்பிருந்த அத்தனை பேரும் இப்போதும் உளர். போரில்லை, பஞ்சமில்லை, கொள்ளைநோயில்லை. பெயர்கள் மட்டும் மடிந்தன. ஏன் மடிந்தன? பெண்ணைக் கணக்கில் சேர்க்காமையால்! ‘அழிந்த குடி’ என்று கால்ட்டன் காலத்தார் இரங்கிய குடிகளிற் பல, மகளிர் வயிற்றில் தழைத்தே இருந்தன. அழிந்தது குடியன்று, மகளை வாரிசென எண்ணாத ஏட்டில் ஒரு வரியே அழிந்தது.

பிறப்புரிமையை மிக உயர்வாய் மதித்து, நல்ல குலத்தாரையே பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883இல் ஒரு பெயரும் சூட்டிய அந்தக் கால்ட்டனுக்குப் பிள்ளை இல்லை. எனினும் அவர் பெயர் மறையவில்லை. அவரும் வாட்சனும் ஆராய்ந்த அக்கணக்கை உலகத்துக் கணித மாணவர் அவ்விருவர் பெயராலேயே இன்றும் பயில்கின்றனர். அவர் பெயரைக் காத்தது மகனல்ல. அவர் கேட்ட ஒரு நல்ல கேள்வி.

பெண்ணை எண்ணாத கணக்கு எங்கே கொண்டு விடும் என்பதற்கு ஜப்பான் நாடு எடுத்துக்காட்டு. கணவனும் மனைவியும் ஒரே குடிப்பெயரைத் தாங்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. எவர் பெயரையும் தேர்ந்தெடுக்கலாம் எனினும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போல மணமகளே தன் பெயரை விடுகின்றாள். இவ்வாறே சென்றால் 2531ஆம் ஆண்டில் ஜப்பானியர் அனைவரும் சாத்தோ என்ற ஒரே பெயரினராய் இருப்பர் என்று தோஹொக்கு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிடா 2024இல் கணக்கிட்டுக் காட்டினார். அரிய பெயரைக் காக்க வேண்டுமென்று உண்மையில் விரும்புவோர், மகன் வேண்டுமென்று வேண்டுவதை விட்டு, மகளின் பெயரை அவளிடமே விட்டுவைத்தல் வேண்டும்.

நம் நிலை யாது? தமிழருக்கு இத்தகைய குடிப்பெயர் வழக்கம் இருந்ததில்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகும். பேரனிடம் அதுவும் மாறிவிடும். மலேசியாவில் நம் அடையாள அட்டையும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றே கூறுகின்றது. ஆங்கிலேயர் கணக்குப்படி பார்த்தால் தலைமுறைதோறும் நம் குடிகள் அனைத்தும் அழிந்துகொண்டே வந்திருக்க வேண்டும். அழிந்தனவா? இல்லை. மாறாக, பாட்டன் பெயரைத் தாங்கியவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி என்று, பேரப்பிள்ளைக்கு நாம் இட்ட உறவுச்சொல்லிலேயே பெயரை வைத்தோம். மகன் வயிற்றுப் பிள்ளையும் பெயரனே; மகள் வயிற்றுப் பிள்ளையும் பெயரனே. இச்சொல் ஆணென்றும் பெண்ணென்றும் வழியைப் பிரிக்கவில்லை.

குடிப்பெயர் போல நம்மிடம் ஒட்டியிருந்தது ஜாதிப் பட்டமே. அதனை விட்டொழிக்குமாறு 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அதற்கிசைந்து பட்டத்தைக் களைந்தோர் எதை இழந்தனர்? ஒன்றுமில்லை. இன்று வெளிநாட்டு விண்ணப்பத் தாள்களில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருப்பது கண்டு, அதை நிரப்ப அப்பட்டத்தைத் தேடி எடுக்கும் நகரத்து இளைஞர் சிலரும் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது: வெற்றுக் கட்டத்தை நிரப்பத் தந்தை பெயர் உண்டு, தாய் பெயரும் உண்டு. பாட்டன் இறக்கி வைத்த சுமையைப் பேரன் மீண்டும் தலையில் ஏற்ற வேண்டா.

நாமும் குற்றமற்றவரல்லேம். பத்துத் திங்கள் சுமந்து, விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்று, அக்கூலியில் நம்மைப் படிக்கவைத்த தாயின் பெயருக்கு நம் பெயரருகே இடமில்லை. பெயர் அற்றுப்போதல் இழப்பென்றால், தலைமுறைதோறும் நம் கண்ணெதிரே அற்றுப்போவது அவள் பெயரே. அட்டன்பரோ அருகுவதற்கு இரங்குவோர் முதலில் இதற்கு இரங்குக. வீட்டில் பெண் பிறந்தால் விளக்கேற்றுக. அவளுக்குப் பாட்டியின் பெயரை இடுக. உன் கொடிவழியை எழுதும்போது அவள் பெயரையும் அவள் பிள்ளைகள் பெயரையும் மகனுக்கு நிகராய் எழுதுக. அவ்வாறு எழுதிய ஏட்டில் குடி அழிந்தது என்ற வரிக்கு இடமே இராது.