செத்த வீட்டில் கொடுக்கும் உறை

பழைய தெல்தெனியப் பட்டினம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 1985இல் திறந்த அந்த 122 மீற்றர் அணையைப் பார்க்கையில், அன்பார்ந்த வாசகரே, இப்படியான வேலைத்தலத்தில் ஒருவன் விழுந்து மாண்டால் அவன் வீட்டாருக்கு யார் கடன்பட்டவர் என்று எண்ணியதுண்டா?

முதலாளி செத்த வீட்டுக்கு வருவார்; பெட்டிச் செலவைக் கொடுப்பார்; விதவையின் கையில் ஓர் உறையை வைப்பார். நல்ல மனிதர் என்போம். நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி, மரண நட்டஈடு ஆணையாளரிடமே கட்டப்பட வேண்டும். கையில் கொடுத்தது நட்டஈடாகாது. முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதுமில்லை. வேலையின்போது, வேலையினால் நேர்ந்த விபத்தானால் போதும்.

“கவனமில்லாமல் ஏறினான்” என்பார்கள். இருக்கலாம். களைத்தவன் கவனம் தவறுவான் என்பது வேலைக்கு வைத்தவருக்குத் தெரியாதா?

உறையோடு ஒரு தாளும் கையொப்பத்துக்கு வரும். அன்று எழுத்தறிந்த ஒருவர் அவள் பக்கத்தில் இருக்கட்டும்.