விசாரித்தல் பாவமாகுமா?

“அல்லாஹ்வோட வீட்டுக்குப் போற காரியம் தம்பி. அதுல போய்ச் சந்தேகப்படலாமா?”

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவரும் அவர்தம் துணைவியாரும் உம்ராவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை. பயண ஏற்பாட்டாளர் கைப்பேசி வழியே அனுப்பியிருந்த விசாத் தாளை, சவூதி வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு வந்த மறுமொழி. ஏற்பாட்டாளரோ பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பவர். பேச்சுக்குப் பேச்சு ‘இன்ஷா அல்லாஹ்’ என்பவர். அத்தகையவரை ஐயுறுவது தம் ஈமானுக்கே இழுக்கு என்று பெரியவர் கருதினார். விமான நிலையத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. அந்த எண்ணில் விசா எதுவும் வழங்கப்படவே இல்லை. இஹ்ராம் துணிகளைப் பையில் சுமந்தபடி இருவரும் ஊர் திரும்பினர்.

பெரியவரின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம், வீண் ஐயங்களைத் தவிர்க்குமாறும் பிறர் குறைகளைத் துருவாதிருக்குமாறும் நம்மைப் பணிக்கிறது. அவர் பற்றி நின்றது அதையே. ஆனால் அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், தீயவன் ஒருவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரித்தறியுமாறு கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரலாம் என்று அதற்குக் காரணமும் கூறுகிறது. ஒரே அத்தியாயம் ஓரிடத்தில் தடுப்பதையும் மற்றோரிடத்தில் ஏவுவதையும் எவ்வாறு பொருத்திக் காண்பது?

என் சிற்றறிவுக்கு எட்டியவரை, தடை மனிதனின் அந்தரங்கத்தைப் பற்றியது; ஏவல் நாம் செயற்படவிருக்கும் காரியத்தைப் பற்றியது. ஒருவர் தம் வீட்டுக்குள் எப்படி வாழ்கிறார் என்று எட்டிப் பார்ப்பது துருவுதல். அவர் நம் கையில் தந்த தாள் மெய்யா பொய்யா என்று பார்ப்பது விசாரித்தல். அவர் தீயவரல்லரே என்று கேட்கலாம். நல்லவருக்கும் இது பொருந்தும் என்பதற்கு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே சான்று. குர்ஆனிலேயே மிக நீண்ட அவ்வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. கடன் வாங்குபவன் திருடன் என்பதற்காக அன்று. நல்லவர்களிடையேயும் மறதியும் தகராறும் நேரும் என்பதற்காக.

அண்ணல் நபிகள் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட நிகழ்ச்சி நாம் அறிந்ததே. மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்னும் எச்சரிக்கையை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். அதற்கு முன்னர் அந்தத் திருக்கரம் குவியலுக்குள் சென்றதே, அதைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

உமர் (ரலி) அவர்களைப் பற்றியும் ஒரு செய்தி வழங்குகிறது. ஒருவருக்காக மற்றொருவர் நற்சாட்சி கூற வந்தாராம். அவர் உமக்கு அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்ததுண்டா, பணம் காசு பழகியதுண்டா என்று கலீஃபா வினவினார்கள். எதற்கும் இல்லை என்றே விடை வந்தது. அப்படியாயின் பள்ளிவாசலில் அவர் தலை தாழ்த்தி உயர்த்துவதைக் கண்டிருப்பீர் போலும் என்று சொல்லி, அச்சாட்சியை ஏற்க மறுத்துவிட்டார்களாம். முன்வரிசைத் தொழுகையை முதலீடாக்கி வணிகம் நடத்துவோர் மலிந்த இந்நாளில், இச்செய்தியை ஜும்ஆ மேடைகளில் எடுத்துரைத்தால் தகும்.

நம் முன்னோர் கடல் கடந்தவர்களே. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற சபுராளிகளுக்கு, அக்கரையில் ஊர்க்காரர் ஒருவர் இருப்பார். பொய் சொன்னவன் அதே தெருவில்தான் வாழ்ந்தாக வேண்டும். ஆகவே அந்நாளைய நம்பிக்கைக்கு ஒரு பிணை இருந்தது. இன்று கண்ணாடித் திரையில் தோன்றும் விண்ணப்பப் படிவத்துக்குத் தெருவும் இல்லை, முகமும் இல்லை. சிங்கப்பூருக்குச் செல்வோர் நிரப்ப வேண்டிய மின்வருகை அட்டைக்கும், மலேசியாவுக்குரியதற்கும் கட்டணம் ஏதும் கிடையாது. ஆயினும் தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வந்து நிற்கும் போலித் தளங்கள் அவற்றுக்கும் பணம் பறிக்கின்றன. பணத்தோடு போனால் தேவலை. கடவுச்சீட்டின் எண்ணும் படமுமல்லவா போகின்றன!

இணைய முகவரியை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். அரசுத் தளமாயின் பெரும்பாலும் ‘கவ்’ என்பதும் அந்நாட்டின் குறியீடும் அவ்விறுதியில் நிற்கும். முகவரியின் தொடக்கத்தில் ‘விசா’ என்றோ ‘அரசு’ என்றோ எழுதிக்கொள்வதற்கு யாருக்கும் தடையில்லை. வலமிருந்து ஓதிப் பழகிய நமக்கு இது கடினமன்று.

ஏமாந்தவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவது நம் வழக்கம். ஹஜ்ஜைப் பொறுத்தமட்டில் இது அநீதி. அங்கே விலை பேசப்படுவது ஆசையன்று, ஏக்கம். இந்தியாவிலிருந்து ஹஜ் செய்ய ஹஜ் கமிட்டி வழியாகவோ, அரசு அனுமதி பெற்ற தனியார் குழுக்கள் வழியாகவோ ஹஜ் விசா பெற்றாக வேண்டும். குலுக்கலில் பெயர் வராத முதியவரிடம், சுற்றுலா விசாவிலேயே முடித்துத் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் அவர் நெஞ்சம் என்ன பாடுபடும்! 2024இல் மக்காவில் வெப்பம் 51.8 பாகையைத் தொட்டது. அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் மாண்டனர் என்றும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தோர் என்றும் சவூதி அரசு அறிவித்தது. குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அவர்களுக்குக் கிட்டவில்லை. வெயிலில் நெடுந்தொலைவு நடந்தார்கள். எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தது.

அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது கூடாது என்று சவூதியின் மூத்த ஆலிம்கள் குழு அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு முன்பே அறிவித்திருந்தது. அறிந்தே குறுக்கு வழியை நாடுபவரைப் பற்றி நான் இதற்குமேல் சொல்ல விரும்பவில்லை. சக்தி பெற்றவருக்கே ஹஜ் கடமை என்பதும், வழி திறவாதவரிடம் அக்கடமை கேட்கப்படாது என்பதும் அவர்களுக்கு ஆறுதலாக எடுத்துச் சொல்லப்பட வேண்டும். அதைச் சொல்லாமல், ‘இன்னும் போகலியா?’ என்று முதியவர்களைக் கேட்டுக் கேட்டே தரகன் வாசலுக்கு அனுப்பி வைப்பவர்கள் நாம்தாம்.

ஏமாற்றப்பட்ட பின்னர் வேறொரு கேள்வி எழுகிறது. சகோதர முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டாமா? மறைக்க வேண்டியதுதான், அவன் தன்னளவில் செய்துகொண்ட குறையாயின். பிறரைப் பற்றிப் பேசுவது புறமாகாத ஆறு இடங்களை இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் தொகுத்திருக்கிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவன் முறையிடுவதும், தீங்கு குறித்து முஸ்லிம்களை எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். நம் மௌனத்தால் அடுத்த வீட்டு முதியவளின் நகைகள் அடகுக்குப் போகுமாயின், அதைப் பொறுமை என்று அழைக்க இயலுமா?

இவற்றையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். இணைய மோசடிகளுக்கான 1930 என்னும் எண்ணைக் குறித்துக் கொடுத்தேன். காவல் நிலையத்துக்கு மனுவும் எழுதித் தந்தேன். முழுதும் படித்தார். “அவன் மக கல்யாணம் அடுத்த மாசம் தம்பி, அது முடியட்டும்” என்றார். திருமணம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மனு இன்னும் கையொப்பமின்றி அவர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அதே ஏற்பாட்டாளர் ரமலான் உம்ராவுக்கு முன்பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார்.