சாப்பிட்டவரின் சாட்சி

சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவர் அந்தக் கடையைப் பற்றி எதையும் சொல்லலாமா? கொடுத்த காசே அந்த உரிமையைத் தருகிறது என்பார் பலர். ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை, பிடிக்காவிட்டால் பேசாமல் அடுத்த கடைக்குப் போகலாம் என்பார் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு; இரண்டும் போதாது. சாப்பிட்டு எழுந்தவரின் சொல் ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவருக்கு உள்ள கடமைகள் எல்லாம் அவருக்கும் உண்டு.

இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோம். வலிகாமத்துத் தோட்டங்களின் வெங்காயமும் வாழைக்குலையும் மரக்கறியும் வந்து சேரும் பழைய சந்தை அது. முன்பெல்லாம் சந்தைக்கு வந்தவர் பக்கத்துக் கடையில் தோசை சாப்பிடுவார். சம்பலில் உப்புக் கூடிவிட்டால் முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வார். நாளைக்கும் அவர் அங்கே வரவேண்டியவர். முதலாளியும் அங்கேயே இருப்பவர். அதனால் சொல்லில் ஓர் அளவு இருந்தது. பதில் சொல்லவும் பிழையைத் திருத்தவும் மற்றவருக்கு இடம் இருந்தது. இன்றைக்கு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் ஒருவர், ஒரு மத்தியானச் சாப்பாட்டை வைத்துக் கைத்தொலைபேசியில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடலாம். அன்று சமையல்காரர் காய்ச்சலில் படுத்திருந்தாரா, மின்சாரம் நின்றுபோயிற்றா என்று அவர் கேட்கமாட்டார். அவர் போன பிறகும் அந்த நட்சத்திரம் போகாது.

அதன் கனம் சிறியதல்ல. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாடிக்கையாளர்கள் கடைகளை மதிப்பிடும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் கடையின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களில் இந்த விளைவு தெரியவில்லை. தனித்து நடக்கும் கடைகளில்தான் தெரிந்தது. பெரிய நிறுவனத்தை அதன் பெயரே காப்பாற்றுகிறது. விடியமுதல் எழும்பி இடியப்பம் அவித்து விற்கும் பெண்ணுக்கு வாடிக்கையாளரின் சொல்லைத் தவிர வேறு காப்பு இல்லை. ஆகவே சிறிய கடையைப் பற்றிப் பேசுபவருக்குப் பொறுப்பு கூட.

அதற்காகச் சும்மா இருந்துவிடுவதும் அறமாகாது. பழுதான கறியைச் சாப்பிட்டவர் இரக்கப்பட்டு வாய்மூடினால், அடுத்துச் சாப்பிடப்போகும் குழந்தைக்கு யார் பதில் சொல்வது? உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் கலக்கக்கூடாது. இந்த வேறுபாட்டைச் சுன்னாகம் வலியோடு அறிந்தது. 2010களில் அங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். வழக்கு நடந்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், அங்கே அனல் மின் நிலையம் நடத்திய தனியார் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அந்த நாட்களில் அந்த ஊர்க் கடையொன்றில் தேத்தண்ணி குடித்தவர் தண்ணீரில் எண்ணெய் மணக்கிறது என்று சொல்லியிருந்தால், அது உண்மை, சொல்லவேண்டிய உண்மை. கடைக்காரர் அழுக்கானவர் என்று சொல்லியிருந்தால், அது அநியாயம். நாக்கும் மூக்கும் குறையைக் காட்டும். குற்றவாளியைக் காட்டுவதற்கு விசாரணை வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடப் பெரியது. கடையை நாக்கால் மட்டும் மதிப்பிடுவது போதுமா? 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்துதான் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிஸார் தாக்கினார்கள், ஊர்வலம் நிற்கவில்லை. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் குடாநாட்டின் பல இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. சாதியின் பேரால் பொது இடங்களில் ஆளைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. இருந்தும் ஒடுக்கப்பட்டவர்களை உள்ளே விடாத கடைகளும், வெளியே நிறுத்தி வேறு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்த கடைகளும் இருந்தன. அந்தக் கடைகளுக்குள்ளே உட்கார்ந்து வடை நல்லது, தேத்தண்ணி நல்லது என்று மெச்சியவர்கள் எத்தனையோ பேர். ருசியைப் பற்றி அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவரைக் கண்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாத அந்த மெச்சல் நீதிக்குப் பாதகம் செய்தது. அந்தக் கதவுகள் திறந்ததற்குக் காரணம் உள்ளே இருந்து ருசித்தவர்களின் நற்சொல் அல்ல. தடுக்கப்பட்டவர்கள் எழுந்து நின்றதுதான். இன்றும் மேசை துடைக்கும் பையன் பள்ளிக்கூட வயதுப் பிள்ளையா, பரிமாறுபவரை முதலாளி எப்படி நடத்துகிறார், எளியவர் வந்தால் முகம் மாறுகிறதா என்பதெல்லாம் சாப்பிடுபவரின் கண்ணில் படுகின்றன. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் கறியின் ருசியை மட்டும் சொல்வது அரைச் சாட்சியம்.

பொய்ப் புகழும் பொய்ப் பழியைப் போலவே தீங்கானது. 2017இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், இல்லாத ஒரு உணவகத்தைப் போலிப் புகழுரைகளாலேயே டிரிப்அட்வைசர் தளத்தில் இலண்டனின் முதலிடத்துக்கு ஏற்றிக் காட்டினார். ஒருவரும் அங்கே ஒரு வாய் சோறு உண்டிருக்கவில்லை. நம் ஊர்களில் இந்தத் தீங்கு உறவின் வடிவில் வருகிறது. மச்சானின் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போடாவிட்டால் குடும்பத்தில் மனத்தாங்கல். போடும்போது, அடுத்த தெருவில் நேர்மையாகக் கடை நடத்துபவரின் பங்கை எடுத்து மச்சானுக்குக் கொடுக்கிறோம் என்பதை உணர வேண்டும். உறவு என்றால் உறவு என்று எழுதிவிட்டுப் புகழட்டும்.

குறையைச் சொல்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. உப்பு, உறைப்பு, தாமதம் போன்றவற்றை முதலில் முதலாளியிடம் சொல்லலாம். சுகாதாரக் கேடு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போக வேண்டும். விலையில் ஏமாற்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். உலகறியச் சொல்வது அதற்குப் பிறகு வரட்டும். அதையும் சொந்தப் பெயரில் சொல்வதே முறை. அங்கே வேலை செய்பவரும், முதலாளியின் செல்வாக்குக்கு அஞ்சவேண்டியவரும் பெயரை மறைத்தால் அதில் பிழையில்லை. பலமுள்ளவர் எளியவரைக் கடிந்துகொள்ளப் பெயரை மறைப்பதை ஏற்க முடியாது.

ஒரு தீர்ப்பு மாற்ற முடியாததாக இருந்தால் அதில் கருணை இல்லை. ஒரு கடையைக் குறை சொல்லி எழுதியவர்களே, வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் அங்கே போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். பிழை திருந்தியிருந்தால், எழுதியதை அன்றைக்கே மாற்றுங்கள்.