பகையாளி விழுந்த நாள்



பக்கத்துத் தோப்புக்காரர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார். ஊர்க்காரர்கள் பேசியும் தீரவில்லை. இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சில வருடம் கழித்து அந்தத் தோப்புக்காரர் மகன் பைக்கிலிருந்து விழுந்து, கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். செய்தி கேட்டதும் நிலத்தை இழந்தவர் சொல்கிறார்: "ஐயா கண்ணைத் தொறந்துட்டாரு."

அப்போது அவர் மனதில் இருப்பது பக்தியா? இல்லை, சந்தோஷம். அதை வெளியே காட்ட வெட்கமாக இருப்பதால் ஐயாவின் பெயரைப் போர்த்திக்கொள்கிறார். வேலியைத் தள்ளியது தகப்பன், கால் ஒடிந்தது பிள்ளைக்கு. இதில் என்ன நியாயம் கிடைத்தது? அந்த ஒரு முழம் நிலமாவது திரும்பி வந்ததா?

அவமானம் நடந்தது ஒரே நாளில்தான். மனமோ அதைத் தினமும் அந்தியில் எடுத்து வைத்துப் படிக்கிறது. படிக்கப் படிக்க எதிரி பெரிதாகிறான். மழைக்காலத்தில் அவன் ஓடிவந்து செய்த உதவி மறந்துபோகிறது. பிறகு அவனும் பிள்ளை பெற்ற மனுஷன் என்பதே மறக்கிறது. அந்த இடத்துக்கு வந்தவருக்குத்தான் அடுத்த வீட்டு அழுகை காதுக்கு இனிக்கும். கலி என்பது வெளியே எங்கோ கொம்பு வைத்துக்கொண்டு நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள்.

திருவிதாங்கூர் மன்னன் ஐயாவைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தான். புலியை ஏவிப் பார்த்ததையும் அகிலத்திரட்டு சொல்கிறது. வரியும் ஊழியமும் சுமந்து, மேலாடையும் மறுக்கப்பட்ட மக்களுக்குப் பழிவாங்கக் காரணம் குறைவா? ஐயா அவர்கள் கையில் கத்தி கொடுக்கவில்லை. தலைப்பாகை கட்டச் சொன்னார். துவையல் தவசு இருக்கச் செய்தார். பொறுமை என்றால் குனிந்து போவது என்று சிலர் அர்த்தம் சொல்வது சரியல்ல. வேலித் தகராறுக்குச் சர்வேயரைக் கூட்டி அளக்கலாம், வழக்கும் போடலாம். அது பழி ஆகாது.

ஐயாவைத் தன் பகை தீர்க்கும் அடியாளாக நினைத்தவருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நாளை அவர் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அதே வார்த்தை வரும். அதற்கு அவர் என்ன பதில் சொல்வார்?

பள்ளியறையில் நிலைக்கண்ணாடி இருக்கிறது. செய்தி கேட்ட அன்று சாயந்தரம் பணிவிடைக்குப் போய் நின்றால், அதில் அவர் முகம் எப்படித் தெரியும்? பார்த்துவிட்டு வரும்போது அந்தப் பையனுக்குக் கொஞ்சம் திருநாமம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வேலி எங்கேயும் ஓடிவிடாது, பிறகு பேசிக்கொள்ளலாம்.