குளிர்ச்சியா? உயிர்ப்பா?

வேத பகுதி: சங்கீதம் 119:25, அப்போஸ்தலர் 3:19



 

கடந்த மாத உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பின பிறகு, ஒரு சகோதரி தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள். "பாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனையில நல்லாத்தான் இருக்கு. அழுறேன், கை தட்டுறேன், பாரமெல்லாம் இறங்கின மாதிரி இருக்கு. ஆனா செவ்வாய்க்கிழமை வந்தா பழையபடி செத்துப்போயிடுறேன். எனக்குள்ள என்ன குறை?" என்று கேட்டார்கள். வழக்கமாகச் சொல்லுகிற பதிலைச் சொல்லி, ஜெபித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் கேட்டது என்னுடைய கேள்வியும்கூட. பிரசங்கம் பண்ணி முடித்து வீட்டுக்கு வந்தால் உள்ளே வறண்டு கிடக்கிற செவ்வாய்க்கிழமைகள் எனக்கும் உண்டு.

எழுந்து 119-ம் சங்கீதத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் நம் தமிழ் வேதாகமம், மறுபக்கம் 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம். ஆங்கிலத்தில் நம்மைத் தெம்பூட்டுகிறதற்கு எத்தனையோ வினைச்சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் வழியாகக் கர்த்தர் என்னோடு பேசினார். அதையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. ரெஃப்ரெஷ்: இளைப்பு ஆறுதல்

இந்தச் சொல் உங்களுக்குத் தெரியும். ரயில்வே ஸ்டேஷனில் ரெஃப்ரெஷ்மெண்ட் ரூம் என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். 14-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது. இதற்குள் இருக்கிற ஃப்ரெஷ் என்ற சொல்லோ இன்னும் பழையது. பழைய ஆங்கிலத்தில் அது தண்ணீரைக் குறித்துச் சொல்லப்பட்டது. உப்பில்லாத தண்ணீர், நல்ல தண்ணீர் என்று அர்த்தம். யாக்கோபு 3-ம் அதிகாரத்தில் ஒரே ஊற்றிலிருந்து உப்பு நீரும் நல்ல நீரும் வருமா என்று அப்போஸ்தலன் கேட்கிறார் அல்லவா? அங்கே கிங் ஜேம்ஸ் வேதாகமம் போட்டிருக்கிற சொல் இதுதான்.

மத்தேயு 11:28-ல் வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை இயேசு அழைக்கிறார். அவர் தருகிற காரியத்தை வில்லியம் டிண்டேல் 'ஈஸ்' என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், பாரத்தை இலகுவாக்குவது. 1549-ல் வந்த ஆங்கிலேய ஜெபப் புத்தகம் 'ரெஃப்ரெஷ்' என்றது. 1611-ல் 'ரெஸ்ட்' என்றார்கள். நம் தமிழிலோ 'இளைப்பாறுதல்'. இளைப்பு ஆறுகிறது! பாருங்க, எவ்வளவு அழகான சொல். அப்போஸ்தலர் 3:19-ல் சாலொமோன் மண்டபத்தில் பேதுரு பிரசங்கிக்கும்போது சொல்லுகிற கிரேக்கச் சொல் அனாப்சூக்ஸிஸ். குளிர்ந்த காற்று வீசி, மூச்சு திரும்பி வருவதுபோன்ற அர்த்தம் அதற்கு.

ஆகவே ஆராதனையில் இளைப்பாறுகிறதை நான் குறைசொல்லமாட்டேன். யாத்திராகமம் 23:12-ல் அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்று கர்த்தரே கட்டளையிடுகிறார். ஒநேசிப்போரு என்ற சகோதரன் சிறையிலிருந்த பவுலை அடிக்கடி இளைப்பாற்றினான். இதுவும் ஊழியம்தான், அல்லேலூயா!

ஆனால் ஒரு காரியம். தண்ணீர் குடித்தவனுக்குத் திரும்பத் தாகம் எடுக்கும். நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ரெஃப்ரெஷ் பண்ணுகிறார்களே, என்ன நடக்கிறது? பல நேரம் அதே பக்கம்தான் திரும்ப வந்து நிற்கிறது! சில விசுவாசிகளுக்கு ஞாயிறு ஆராதனை அப்படித்தான். பக்கம் ஒரு தடவை மின்னி மறைந்து, அதே கோபம், அதே கசப்பு, அதே கள்ளக்கணக்கு திரும்ப வந்து நிற்கிறது. பேதுரு இளைப்பாறுதலின் காலத்துக்கு முன்னே எதை வைத்தார்? மனந்திரும்புதலை வைத்தார். அதைத் தாண்டிக் குதித்து வருகிற இளைப்பாறுதல் செவ்வாய்க்கிழமைவரை நிற்காது.

2. ஸ்டிமுலேட்: தாற்றுக்கோல்

அடுத்த சொல் ஸ்டிமுலேட். உற்சாகப்படுத்துவது, தூண்டிவிடுவது. இது லத்தீனில் ஸ்டிமுலுஸ் என்ற சொல்லிலிருந்து வருகிறது. ஸ்டிமுலுஸ் என்றால் என்ன? மாட்டைக் குத்தி ஓட்டுகிற தாற்றுக்கோல்! தமஸ்குவுக்குப் போகும் வழியில் முள்ளில் உதைப்பது உனக்குக் கடினம் என்று ஆண்டவர் சவுலிடம் சொன்னாரே (அப். 26:14), பழைய லத்தீன் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல் இதுதான்.

ஊழியக்காரரும் பாடகர்களுமாகிய நாங்கள் முதலில் இதைக் கேட்கவேண்டும். சத்தத்தைக் கூட்டினால், தாளத்தை வேகமாக்கினால், மைக்கில் கத்தினால் ஜனங்கள் எழும்பி நிற்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் தாற்றுக்கோல் உயிருள்ள மாட்டைத்தான் ஓட்டும். செத்த மாட்டை எழுப்பாது. உயிருள்ள மாடும் குத்துக்குப் பயந்து ஓடுமே தவிர, பெலத்தினால் ஓடுகிறதில்லை. கோலை எடுத்தவுடன் நின்றுவிடும். நானும் பல தடவை கோலைத்தான் பிடித்திருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

இன்விகரேட், என்லைவன் என்று இன்னும் சில சொற்கள் உண்டு. முதலாவது பெலனூட்டுவது, இரண்டாவது உயிர்த்துடிப்பு ஊட்டுவது. இவை இரண்டும் 1611-க்குப் பிறகு, 17-ம் நூற்றாண்டிலே ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தவை. அதனால் கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் அவற்றை நீங்கள் பார்க்கமுடியாது. அதைவிடப் பெரிய ஒரு சொல்லை அவர்கள் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு வருவோம்.

3. க்விக்கன்: ஜீவனூட்டுதல்

க்விக் என்றால் சீக்கிரம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? ஆதியில் அதற்கு அந்த அர்த்தமே கிடையாது! பழைய ஆங்கிலத்தில் க்விக் என்றால் உயிருள்ளது. எபிரெயர் 4:12-ல் தேவனுடைய வார்த்தை 'க்விக்' என்று டிண்டேல் 1526-ல் எழுதினார். 1611-லும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு வாசிக்கிறவர் தேவ வார்த்தை வேகமானது என்று நினைத்துக்கொள்வார். அர்த்தம் அதுவல்ல, அது ஜீவனுள்ளது! சாதாரண ஜனங்களும் வேதத்தை அறியவேண்டும் என்பதற்காக உழைத்த டிண்டேல் 1536-ல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அவரைக் கொன்றார்கள், அவர் மொழிபெயர்த்த ஜீவ வார்த்தையைக் கொல்ல அவர்களால் முடியவில்லை.

இன்னொரு ஆச்சரியம். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறபடி, ஆங்கிலத்தின் க்விக், லத்தீனின் வீவுஸ், கிரேக்கின் பயோஸ், சமஸ்கிருதத்தின் ஜீவ, இவை எல்லாம் ஒரே பழைய வேரிலிருந்து பிறந்தவை. அந்த ஜீவ என்ற சொல்தான் நம் தமிழ் வேதாகமத்தில் ஜீவன், ஜீவத்தண்ணீர், ஜீவ அப்பம் என்று நிறைந்திருக்கிறது. எங்கேயோ இங்கிலாந்தில் ஒரு விசுவாசி க்விக்கன் என்று கெஞ்சினதும், நாம் ஜீவன் தாரும் என்று கெஞ்சுகிறதும் வேரிலே ஒரே சொல்!

இந்தச் சொல்லின் பழைய அர்த்தம் ஆங்கிலத்தில் இன்றும் சில இடங்களில் ஒளிந்திருக்கிறது. உயிர்வேலியை அவர்கள் க்விக்செட் என்கிறார்கள். கர்ப்பத்தில் குழந்தை முதல் தடவை அசைவதைத் தாய் உணருகிறாளே, அதற்கு க்விக்கனிங் என்று பெயர். நகக்கண்ணுக்கு அடியில் தொட்டாலே துடிக்கிற சதைக்கும் க்விக் என்றுதான் பெயர். கவனியுங்கள்: உயிர்வேலி வளரும், கர்ப்பத்துக் குழந்தை அசையும், நகச்சதை வலிக்கும். வளர்ச்சி, அசைவு, வலி. உயிருக்கு அடையாளம் இவைதான், சத்தம் அல்ல.

119-ம் சங்கீதத்தில் இந்தச் சொல் 11 தடவை வருகிறது. நம் தமிழில் 'உயிர்ப்பியும்', 'உயிர்ப்பித்தீர்' என்று வாசிக்கிறோம். பேனா எடுத்துக் குறித்துப் பாருங்கள்: 25, 37, 40, 50, 88, 93, 107, 149, 154, 156, 159. இதில் 50-ம், 93-ம் வசனங்கள் சாட்சி. மீதி 9 வசனங்களும் விண்ணப்பம். யோசித்துப் பாருங்கள் பிரியமானவர்களே! வேதத்தை இவ்வளவு நேசித்த மனுஷன், ஒரே சங்கீதத்தில் 9 தடவை இதைக் கேட்கிறான். முதல் தடவை எங்கே கிடந்து கேட்கிறான்? அவன் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது. திரும்பத் திரும்பக் கேட்கிறதனால் அவன் பின்மாற்றக்காரன் அல்ல. உயிருள்ளவன்தான் கேட்பான், பிணம் கேட்காது. சாட்சி சொல்லுகிற 2 வசனங்களிலும் அவனை உயிர்ப்பித்தது எது என்று பாருங்கள். 50-ல் தேவனுடைய வாக்கு, அதுவும் சிறுமையின் நாளில். 93-ல் தேவனுடைய கட்டளைகள். கூட்டத்தின் ஆரவாரம் என்று எழுதியிருக்கவில்லை!

மைல்ஸ் கவர்டேல் 1535-ல் ஆங்கில வேதாகமம் முழுவதையும் அச்சிட்டபோது, 23-ம் சங்கீதத்தில் மேய்ப்பன் ஆத்துமாவைத் தேற்றுகிற இடத்திலும் இதே க்விக்கன் என்ற சொல்லைப் போட்டார். பிற்பாடு 1611-ல் அதை ரெஸ்டோர் என்று மாற்றினார்கள். மேய்ப்பன் ஆட்டைத் தட்டிக்கொடுப்பதோடு விடவில்லை. உயிரைத் திரும்பத் தருகிறார்!

4. ரிவைவ்: மறுபடியும் ஜீவன்

கடைசிச் சொல் ரிவைவ். இதிலிருந்துதான் ரிவைவல், நாம் எழுப்புதல் என்கிறோமே, அது வருகிறது. லத்தீனில் 'மறுபடியும்' என்ற சொல்லும் 'ஜீவி' என்ற சொல்லும் சேர்ந்தது. காட்டன் மேதர் என்ற ஊழியக்காரர் 1702-ல் வெளியிட்ட நியூ இங்கிலாந்து சபை சரித்திரத்திலேயே ரிவைவல் என்பது தேவஜனத்தின் விழிப்பைக் குறிக்கும் சொல்லாக வருகிறது. பிறகு 1904-ல் வேல்ஸ் தேசம், 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு என்று உலகமெங்கும் அந்தச் சொல் பரவிற்று.

எபிரெயத்தில் பார்த்தால், 119-ம் சங்கீதத்தில் 'உயிர்ப்பியும்' என்பதும், 85:6-ல் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ என்ற கேள்வியும், ஆபகூக் 3:2-ல் வருகிற ஜெபமும் ஒரே வினைச்சொல். யோசேப்பு அனுப்பின வண்டிகளைக் கண்டபோது கிழவனான யாக்கோபின் ஆவி உயிர்த்ததே (ஆதி. 45:27), அங்கும் அதே வேர்தான். ஆங்கிலத்தில் சில இடத்தில் க்விக்கன், சில இடத்தில் ரிவைவ் என்றார்கள்.

இந்த 85-ம் சங்கீதம் யாருடையது? கோராகின் புத்திரருடையது! எண்ணாகமம் 16:30-ஐக் கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் வாசித்தால், கோராகின் கூட்டம் 'க்விக்' ஆகப் பாதாளத்தில் இறங்குவார்கள் என்று இருக்கிறது. சீக்கிரமாய் அல்ல, உயிரோடே! தகப்பன் உயிரோடே அழிவுக்குள் இறங்கினான். ஆனால் கோராகின் குமாரரோ சாகவில்லை என்று எண்ணாகமம் 26:11 சொல்லுகிறது. அந்த வம்சத்தார் பாடுகிற சங்கீதத்தில்தான் திரும்ப உயிர்ப்பிக்கும்படியான விண்ணப்பம் இருக்கிறது. என்ன கிருபை! உன் தகப்பன் குடிகாரனாய் இருந்திருக்கலாம், உன் வீட்டுச் சரித்திரம் குழிக்குள் இறங்கின சரித்திரமாய் இருக்கலாம். நீ கோராகின் பிள்ளையானாலும் உயிர்ப்பியும் என்று கேட்கலாம். அல்லேலூயா!

அந்தச் சகோதரியை மறுவாரம் சந்தித்தேன். "அம்மா, அன்னைக்கு நான் சரியா பதில் சொல்லல. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வலிக்குதே, அது சாவு இல்ல, உயிர் இருக்கிறதுக்கு அடையாளம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இளைப்பாறினீங்க. செவ்வாய்க்கிழமை வசனத்தைத் திறந்து உயிரைக் கேளுங்க" என்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வாராவாரம் கேட்டா ஆண்டவருக்குச் சலிக்காதா பாஸ்டர்?" என்றார்கள். "அந்தச் சங்கீதக்காரன் 9 தடவை கேட்டிருக்கான்மா, ஒரு தடவைகூட ஆண்டவர் அதட்டல" என்றேன். அந்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் அந்த 11 வசனங்களையும் வரிசையாய் வாசிக்க நாங்கள் இருவரும், அவரவர் வீட்டில், தீர்மானித்திருக்கிறோம். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

உங்களையே கேட்டுப் பாருங்கள்: நான் தேடுவது குளிர்ச்சியா? தூண்டுதலா? உயிர்ப்பா? ஆவியானவரே உயிர்ப்பிக்கிறவர் என்று நம் ஆண்டவர் யோவான் 6:63-ல் சொன்னார். அவரிடம் கேளுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, சத்தத்தை ஜீவன் என்று நினைத்து ஏமாந்த நாட்களை எங்களுக்கு மன்னியும். எங்கள் இளைப்பை ஆற்றும். அதோடு நிறுத்திவிடாமல் உம்முடைய வார்த்தையினாலே எங்களை உயிர்ப்பியும். ஞாயிறு மாத்திரமல்ல, செவ்வாய்க்கிழமையும் உமக்குப் பிழைத்திருக்கச் செய்யும். எங்கள் வீடுகளையும் சபையையும் உயிர்ப்பியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்